பத்து நாள் பாஸும் ஒரு பேரும்

இப்ப எல்லாரும் பாஸ்போர்ட்டு, விசான்னு காயிதத்தைத் தூக்கிக்கிட்டு அலையறாங்க. அதுல வயசானவங்க பாதிப் பேரு, "எங்க காலத்துல இதெல்லாம் ஒண்ணும் கெடையாது, நெனைச்சா அக்கரைக்குப் போனோம், நெனைச்சா வந்தோம்"னு பெருமை பேசறாங்க. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும். யாரு சொன்னா ஒண்ணும் கெடையாதுன்னு? விசா கெடையாது, அது வாஸ்தவம். ஆனா நாக்கை நீட்டணும், கண்ணு இமையைப் பெரட்டிக் காட்டணும், அம்மை குத்துன தழும்பு இருக்கான்னு கையைத் தூக்கிக் காட்டணும். மூட்டையில இருக்கற துணி அத்தனையையும் வாங்கி ஆவியில அவிச்சுக் கொடுப்பாங்க. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே, ஊர்ப் பக்கக் கரையில இருக்கற காம்புல இதெல்லாம் நடக்கும்.

தோட்டத்துக்கு ஆள் கட்டி வர்ற கூட்டத்துக்கு ஒரு சட்டம். சொந்தமா டிக்கெட்டு எடுத்து சொந்தக்காரங்களைப் பாக்க வர்றவங்களுக்கு வேற சட்டம். இவங்களுக்கு ஒரு பாஸ் எழுதிக் கையில கொடுப்பாங்க. எந்த ஊருக்குப் போறாங்களோ அந்த ஊரு டாக்டர்கிட்ட பத்து நாளைக்குத் தெனமும் போயி மொகத்தைக் காட்டணும். காய்ச்சல் இல்ல, கழுத்துல கட்டி இல்லன்னு அவரு பாத்துக் கையெழுத்துப் போடணும். கொழும்புல பிளேக்கு வந்து போன நேரம் அது, வெள்ளைக்காரனுக்கு எலியைக் கண்டாலும் பயம், எங்களைக் கண்டாலும் பயம். ஒரு நாள் தவறினாலும் போலீஸ்காரன் வீட்டுக்கு வந்துருவான்.

எங்கக்கா அந்தப் பாஸோடதான் வந்துச்சு.

அப்ப ரயிலு பண்டாரவளையோட நின்னுரும். நானும் எங்க வீட்டுக்காரரும் ஸ்டேஷனுக்குப் போயி நின்னோம். பன்னெண்டு வருசம் ஆச்சு அதைப் பாத்து. என்னையக் கட்டிக்கொடுத்து சிலோனுக்கு அனுப்புனப்ப மூக்குத்தியும் மஞ்சளுமா நின்ன அக்கா, இப்ப ஒரு வெள்ளைச் சீலையைச் சுத்திக்கிட்டு, மூட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எறங்குச்சு. கழுத்தும் மொட்டை, காதும் மொட்டை. நான் ஓடிப்போயிக் கட்டிப் பிடிச்சு ஓன்னு அழுதேன். அது என் முதுகைத் தட்டிக்கிட்டே, "பாஸு கசங்கிரும்டி, பாஸு கசங்கிரும்"னு சொல்லுச்சு.

மச்சான் காய்ச்சல்ல போயி பதினோரு மாசம். புள்ளை இல்ல. மச்சானோட தம்பிக்காரன், "எங்க அண்ணனே போயிட்டான், இனிமே இந்த வீட்டுல உனக்கு என்ன இருக்கு"ன்னு வாசல்லயே வச்சுக் கேட்டுட்டானாம். எங்க அம்மா அப்பா போயி ரொம்ப நாளாச்சு. அதுக்கு இந்த ஒலகத்துல மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். இங்கேருந்து திருப்பி அனுப்பினா அது போயி நிக்கறதுக்கு ஒரு வாசல் கெடையாது. இதை நான் மனசுல வச்சுக்கிட்டே இருந்தேன், அதனாலேயே அந்தப் பத்து நாளும் எனக்குப் பச்சைத் தண்ணி எறங்கல.

எங்க லயம், அதான் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற வரிசை வீடு, ஹாலிஎலைக்கு மேல, மலைக்கு நடுவுல. அங்கேருந்து எறங்கி, ரோட்டைப் பிடிச்சு, ஆத்து ஓரமாவே பதுளைக்கு நடக்கணும். காலையில பத்து மணிக்குள்ள டாக்டரு ஆபீசுல நிக்கணும். அப்புறம் அவ்வளவு தூரமும் ஏறி வரணும். அக்காவுக்கு வழியும் தெரியாது, சிங்களமும் தெரியாது, அட்டை கடிச்சா பிச்சு எறியவும் தெரியாது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறதை விட்டுட்டு நானும் கூட நடந்தேன். கங்காணி சும்மா விடுவாரா? மூணாவது நாள் காலையில பெரட்டுல வச்சு, ஆள் கணக்கு எடுக்க எல்லாரும் நிக்கறப்ப, "என்னம்மா, அக்காளும் தங்கச்சியும் தெனம் தெனம் பதுளைக்கு ஊர்வலம் போறீங்களாமே, தேரு எப்ப வருது?"ன்னு கேட்டாரு. "தேரு வந்தா உங்களுக்குத்தான் மொதல்ல வடம் தருவேன்"னுட்டு எறங்கிட்டேன். பின்னால சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

எனக்கு ஒரு எடத்துல நிக்க வராது, பொறந்ததுலேருந்தே அப்படித்தான். அந்த ஆபீசு வராந்தாவுல பெஞ்சுல உக்காருன்னாங்க. எப்படி உக்காரறது? உள்ள எட்டிப் பாப்பேன், வெளிய வந்து வெயிலைப் பாப்பேன், ஏன் இன்னும் கூப்பிடலன்னு அங்க இருந்த கிளாக்கரைக் கேப்பேன். அவரு யாழ்ப்பாணத்துக்காரரு, தடிச்ச கண்ணாடி, நெத்தியில திருநீறு. நாலாவது தடவை கேட்டப்ப, "பிள்ளை, நீர் நடந்து நடந்து எங்கட தரையைத் தேய்ச்சுப் போடுவீர் போல இருக்கு"ன்னாரு. அக்கா மட்டும் பெஞ்சு நுனியில, பாஸை மடியில வச்சு, ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு உக்காந்திருக்கும். டாக்டரு வெள்ளைக்காரரு, நல்ல உசரம். வந்து நாக்கைப் பாப்பாரு, கழுத்தைத் தொட்டுப் பாப்பாரு, கையெழுத்தைக் கிறுக்கிட்டுப் போயிருவாரு. இதுக்கா இவ்வளவு தூரம்னு எனக்குத் தோணும்.

அஞ்சாவது நாளு விடாத மழை. கம்பளியைத் தலையில போட்டுக்கிட்டு எறங்குறோம், ரோட்டுல ஒரு மரம் விழுந்து கெடக்கு, வண்டிங்க எல்லாம் நிக்குது. நான் மரத்துமேல ஏறித் தாண்டிட்டேன். அக்காவுக்கு ஏற முடியல. அந்தப் பாஸை வாயில கவ்விக்கிட்டு, அடியில தவழ்ந்து வந்துச்சு. சேறும் சகதியுமா போயி நின்னோம், பத்து தாண்டிருச்சு. கண்ணாடிக்காரரு எங்களைப் பாத்தாரு, கடியாரத்தைப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம உள்ள அனுப்பினாரு. அதுக்காக அவருக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்வேன்.

பதுளைப் பசார்ல ஒரு நானாவோட, அதான் முஸ்லிம் யாவாரியோட, துணிக்கடை. எங்க தோட்டத்து ஆளுங்க எல்லாரும் அங்கதான் சீலை எடுப்பாங்க. திரும்பி வர்றப்ப அந்தக் கடைக்குப் பின்னால, வீட்டுப் பக்கம் போயி உக்காருவோம். நானாவோட பொஞ்சாதி கருப்பட்டித் துண்டோட வெறுந்தேத்தண்ணி ஊத்திக் கொடுப்பாங்க. அவங்களுக்கு அக்காவை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நான் பேசிக்கிட்டே இருக்கறதும், அது பேசாம இருக்கறதும் அவங்களுக்கு ஒரு வேடிக்கை.

ஒன்பதாவது நாளு கண்ணாடிக்காரரு சொன்னாரு: "நாளைக்குக் கடைசி நாள். இவ உங்கட வீட்டிலதான் தங்கியிருக்கிறா எண்டு தோட்டத்துத் துரையிட்டக் கடிதம் ஒண்டு வாங்கிக் கொண்டு வாரும். பிறகு நீங்கள் இஞ்ச வரத் தேவையில்லை." எனக்கு றெக்கை மொளைச்ச மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு மலை ஏறுனதே தெரியல. நேரா தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்த பெரிய கிளாக்கரய்யா, தானே எழுதி, துரைகிட்டக் கையெழுத்து வாங்கித் தர்றேன்னாரு. அக்கா பேரைக் கேட்டாரு, சொன்னேன். எங்க வீட்டு நம்பரைக் கேட்டாரு, சொன்னேன். அதோட அவரு பேனாவை வச்சிருப்பாரு. நான்தான், என் வாய் சும்மா இருக்குமா, "எழுதறது எழுதறீங்க, பக்காவா எழுதுங்கய்யா, இன்னாரோட சம்சாரம்னும் போடுங்க"ன்னு மச்சான் பேரையும் சொன்னேன். அவரு கேக்கவே இல்ல. கேக்காததை நானாத்தான் சொன்னேன். இதை நான் எத்தனையோ தடவை நெனைச்சு நெனைச்சு என் தலையில நானே அடிச்சிருக்கேன்.

மறுநாள் கடிதத்தைக் கொடுத்தோம். கண்ணாடிக்காரரு அதைப் படிச்சாரு. பாஸைப் படிச்சாரு. மறுபடியும் கடிதத்தைப் படிச்சாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு.

பாஸுல புருசன் பேருன்னு வேற ஒரு பேரு இருந்துச்சு.

என்ன நடந்துச்சுன்னு அக்காகிட்ட அங்கயே வச்சுக் கேட்டேன். அது தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு. காம்புல புருசன் பேரு என்னன்னு கேட்டிருக்காங்க. எங்க பக்கத்துல எந்தப் பொம்பளையும் புருசன் பேரை வாயால சொல்ல மாட்டா. சொன்னா அந்த மனுசனுக்கு ஆயுசு கொறையும்பாங்க. ரேஷன்ல கேட்டாலும், கோர்ட்டுல கேட்டாலும் பக்கத்துல நிக்கறவங்க யாராவது சொல்லணும், இல்லன்னா ஜாடை காட்டணும். அக்கா ஜாடைதான் காட்டியிருக்கு: "பழனி மலையில நிக்கற சாமியோட பேருங்க." அந்தச் சாமிக்குப் பேருக்கா பஞ்சம்? வரிசையில பின்னால நின்ன ஒரு பொம்பளை, ஒத்தாசை பண்றேன்னு, தனக்குத் தெரிஞ்ச ஒரு பேரைச் சொல்லிட்டா. எழுதறவரு அதை எழுதிக்கிட்டாரு. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனா காதுல விழுந்துச்சு, தப்புன்னும் தெரிஞ்சுச்சு. தப்புன்னு சொன்னா சரியான பேரைச் சொல்லணுமே, அதனால பேசாம வந்துருச்சு.

"ஏன்க்கா, அப்பவே ஒரு வார்த்தை..."ன்னு கத்த ஆரம்பிச்சேன். கண்ணாடிக்காரரு கையைக் காட்டி என்னைய நிறுத்தினாரு. டாக்டரு வந்துட்டாரு.

டாக்டருக்கு இங்கிலீசுல எல்லாம் போச்சு. அவரு பேசப் பேச, கண்ணாடிக்காரரு எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு. பாஸை மாத்திக்கிட்டு வர்றாங்க, காய்ச்சல் உள்ளவ ஒருத்தி தன் பாஸை வேற ஒருத்திக்குக் கொடுத்துட்டு ஓடிப் போயிருக்கலாம், அவ இப்ப எந்த லயத்துல ஒளிஞ்சிருக்காளோன்னு டாக்டரு சந்தேகப்படறாரு. இந்தப் பொம்பளை தன் புருசன் பேரைத் தன் வாயால சொல்லட்டும். கடிதத்துல இருக்கறதைச் சொன்னா, பாஸுல இருக்கறது கை தவறி எழுதினதுன்னு திருத்திக்கலாம். சொல்லலைன்னா, நாளைக்குக் காலையில ஒரு போலீஸ்காரனோட பண்டாரவளைக்கு வண்டி, அங்கேருந்து ரயிலு, கப்பலு.

"நான் சொல்றேங்க! நான் சொல்றேன்!"ன்னு முன்னால போனேன்.

"நீர் சொல்லாதேயும். கடிதத்துக்குச் சொன்னதே நீர்தான்."

"அப்ப நான் சொல்றேன், அது ஆமான்னு தலையாட்டட்டும்."

"பிள்ளை." அவரு கொரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "என்ர மனுசியும் என்ர பேரைச் சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும். புத்தகத்துக்குத் தெரியாதே."

டாக்டரு அக்காவையே பாத்துக்கிட்டு நின்னாரு. அக்கா தரையைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. கட்டுன புருசன் பேரு தெரியாத ஒரு பொம்பளை ஒலகத்துல உண்டான்னு அவரு மொகத்துல எழுதியிருந்துச்சு. அந்த மனுசனை எப்படிக் குத்தம் சொல்றது, அவரு ஊர்ல அப்படி. நாலு மணிக்கு நான் கெளம்பிருவேன், அதுக்குள்ள யோசிக்கட்டும்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

நானா வீட்டுக்குப் போனோம். நான் உக்காரவே இல்ல. கெணத்தடிக்குப் போறேன், வாசலுக்கு வர்றேன், மறுபடியும் கெணத்தடிக்குப் போறேன். அக்கா சீலைக் கட்டு அடுக்கியிருந்த ரூமுல, செவுத்தோரமா உக்காந்துருச்சு. நானாவோட பொஞ்சாதி வெத்தலைத் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நடுவுல உக்காந்தாங்க.

"சொல்லேன்க்கா. ஒரே ஒரு பேரு. கடுகு மாதிரி ஒரு பேரு."

அது வெத்தலைத் தட்டையே பாத்துச்சு.

"இங்க யாரும் இல்ல. எங்க முன்னால சும்மா சொல்லிப் பாரு."

அக்கா வாயைத் தெறந்துச்சு. ஒதட்டைக் கூட்டுனதை நான் என் கண்ணால பாத்தேன். சத்தம் வரல. செவுத்துப் பக்கம் திரும்பிப் பாத்துச்சு, அப்பயும் வரல.

எனக்கு எங்கேருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ. "செத்துப்போன மனுசனுக்கு ஆயுசு எங்கேருந்துக்கா கொறையப் போவுது? இன்னும் என்னத்தைக் காப்பாத்தப் போற?"ன்னு கேட்டுட்டேன். கேட்ட ஒடனே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அக்கா அழல. என்னைய நிமிந்து பாத்து, "பயந்துக்கிட்டு இல்லடி. வாய் வரமாட்டேங்குது"ன்னு மட்டும் சொல்லுச்சு.

நானாவோட பொஞ்சாதி வெத்தலையில சுண்ணாம்பைத் தடவிக்கிட்டே என்னையப் பாத்தாங்க. "ஏன் மகள், நீங்க இவ்வளவு கத்துறீங்களே. உங்கட மாப்பிள்ளைட பேர் என்ன? சொல்லுங்கோ பாப்பம்."

"இதுல என்ன இருக்கு"ன்னு வாயைத் தெறந்தேன்.

தெறந்தது தெறந்தபடியே நின்னுச்சு. சத்தியமாச் சொல்றேன், பேரு வரல. மிஷன் பள்ளிக்கூடத்துல மூணு வருசம் படிச்சவ நான், கங்காணிக்கே பதிலுக்குப் பதில் கொடுக்கறவ. "எங்க... எங்க வீட்டுக்காரரு"ன்னு திக்கினேன். அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பாத்தா அக்காவும் சிரிக்குது. இந்த ஊருக்கு வந்து பத்து நாள்ல அன்னைக்குத்தான் அது சிரிச்சுப் பாத்தேன். எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு. அதுக்கு மேல அக்காவை நான் ஒண்ணும் சொல்லல.

மூணரைக்கே போயி நின்னோம். நாலாச்சு. டாக்டரு வெளிய வந்தாரு, தொப்பி கையில. அக்காவுக்கு முன்னால வந்து நின்னு, என்னன்னு கேக்கற மாதிரி புருவத்தைத் தூக்கினாரு. அக்காவுக்கு நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது. வாயைத் தெறக்குது, மூடுது. அவரு நின்னாரு, பாவம், கொஞ்ச நேரம் நல்லாத்தான் நின்னு பாத்தாரு. அப்புறம் கண்ணாடிக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டு, தொப்பியைத் தலையில வச்சுக்கிட்டு, படியில எறங்கிட்டாரு. கண்ணாடிக்காரரு அந்தப் புத்தகத்தை மூடினாரு.

முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். வாசல்ல வண்டி நிக்குது, குதிரைக்காரன் கடிவாளத்தைப் பிடிச்சிருக்கான், டாக்டரு காலை எடுத்து வைக்கப் போறாரு. அப்பத்தான் அக்கா எந்திரிச்சு வராந்தா நுனிக்குப் போச்சு. ஓடிச்சுன்னே சொல்லணும்.

கூப்பிட்டுச்சு.

மச்சான் பேரைச் சொல்லி, முழுப் பேரையும் சொல்லி, போற ஆளைப் பின்னாலேருந்து கூப்பிடற மாதிரி அப்படி ஒரு சத்தம். எங்கக்காவுக்கு அவ்வளவு பெரிய தொண்டை இருக்கறது எனக்கே தெரியாது. ரோட்டுல போனவங்க நின்னாங்க. எதுத்த கடையில ஒருத்தரு எந்திரிச்சுப் பாத்தாரு. குதிரை காதைத் தூக்குச்சு. டாக்டரு வண்டியில வச்ச காலை எடுத்துட்டுத் திரும்பிப் பாத்தாரு.

அந்தப் பேரை நான் இங்க எழுதல. அக்கா வாயைத் தெறந்து கூப்பிட்ட பேரு, அது கிட்டயே இருக்கட்டும்.

கண்ணாடிக்காரரு புத்தகத்தைத் தெறந்து, கடிதத்தோட ஒத்துப் பாத்து, பாஸுல இருந்ததை அடிச்சுட்டு மேல எழுதினாரு. டாக்டரு திரும்பி வந்து கையெழுத்துப் போட்டாரு. போறப்ப அக்காவைப் பாத்துத் தொப்பியில லேசா விரலை வச்சாரு, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல. "இனிமே நீங்கள் வரத் தேவையில்லை"ன்னு கண்ணாடிக்காரரு சொன்னாரு. நான் அவரு காலுல விழாத கொறை.

திரும்பி நடந்தோம். எனக்குச் சந்தோசம் தாங்கல. நாளைக்கே கங்காணிகிட்டச் சொல்லி அக்காவுக்கும் பேரு பதிஞ்சிரலாம், லயத்துல பின் பக்கம் ஒரு அடுப்பு போட்டுக்கலாம், கொழுந்து எடுக்க ஒரு மாசத்துல பழகிரும், அப்படி இப்படின்னு பேசிக்கிட்டே வந்தேன். அக்கா பின்னாலயே வந்துச்சு. ஆத்துப் பாலத்துக்கிட்ட வந்தப்ப அது நின்னுருச்சு. கால் வலிக்குதான்னு கேட்டேன்.

"அன்னைக்கு அவருக்குக் கண்ணு சொருகிப் போச்சுடி"ன்னு சொல்லுச்சு. "எல்லாரும், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கன்னாங்க. அவங்கம்மா கூப்பிட்டாங்க. தம்பி கூப்பிட்டான். நான் காலடியில உக்காந்து 'என்னங்க, என்னங்க'ன்னுதான் கூப்பிட்டேன். அந்த வீட்டுல 'என்னங்க'ன்னு கூப்பிடறவங்க எத்தனை பேரு. நான்தான் கூப்பிடறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் அது கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"யாரோ வெள்ளைக்காரன், அவனுக்கு அந்தப் பேரே இல்ல, அவனே திரும்பிப் பாத்தான்ல. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அவரு திரும்பியிருக்க மாட்டாரா?"

திரும்பியிருப்பாருன்னு சொல்றதா, திரும்பியிருக்க மாட்டாருன்னு சொல்றதா? எதைச் சொன்னா அதுக்கு ஆறுதலா இருந்திருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.